முதல் பிரசவமும் அரசு உதவிகளும்: தமிழ்நாட்டில் யாருக்கு என்ன, எப்போது, எப்படி

முதல் குழந்தையை எதிர்பார்க்கும் பெண்ணுக்கு அரசுப் பணம் வராமல் போனால், அவருக்குத் தகுதியில்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பதிவு தாமதமாகியிருக்கும். ஆதார் வேறொரு வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கும். அல்லது குழந்தைக்குப் போட்ட ஊசி கணினியில் ஏறாமல் இருக்கும். நர்ஸம்மாவிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒரு பதிவு இருக்கிறது. அந்தப் பதிவு விழுந்தால்தான் பணம் விழும். அதனால் இங்கே திட்டங்களின் பட்டியலை விட, பதிவுகளை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதைப் பற்றியே அதிகம் சொல்கிறோம்.

முதலில் நாள் கணக்கு

எல்லாவற்றுக்கும் அடிப்படை, கடைசியாக மாதவிடாய் தொடங்கிய நாள். கர்ப்ப வாரங்களை எண்ணுவது அந்த நாளிலிருந்துதான். நாள் தள்ளிப்போன தேதியிலிருந்தோ, பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்த தேதியிலிருந்தோ எண்ணுவதில்லை. நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் ஓடிவிட்டது. பத்து நாள் பார்த்துவிட்டுப் பரிசோதித்தால் ஆறாவது வாரம் ஆகிவிடும். கர்ப்பத்தை அரசு சுகாதார நிலையத்தில் பதிவு செய்வதற்கான வரம்பு 12 வாரம். கையில் இருப்பது ஆறு வாரம்தான்.

ஓர் உதாரணம். கடைசி மாதவிடாய் 2026 ஜனவரி 10-ல் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். 12 வாரம் முடிவது ஏப்ரல் 4. எதிர்பார்க்கும் பிரசவத் தேதி அக்டோபர் 17 (ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் போதும்). இந்த மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இவற்றிலிருந்தே வருகிறது.

‘மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்’ என்பது பல வீடுகளின் வழக்கம். உறவினருக்குச் சொல்வதை வேண்டுமானால் தள்ளிப்போடுங்கள். நர்ஸம்மாவிடம் சொல்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிக்மி எண்

கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். பேச்சில் பிக்மி நம்பர் என்றும், தாள்களில் ஆர்.சி.எச். எண் என்றும் வருவது இதுதான். கிராமத்தில் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியரிடமும், நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பதிவு செய்யலாம். 102-க்கு அழைத்தோ, பிக்மி இணையதளத்தில் நீங்களாகவோ முன்பதிவும் செய்யலாம். ஆனால் முன்பதிவு செய்ததும் கிடைப்பது ஒப்புகைதான். செவிலியர் சரிபார்த்த பிறகே 12 இலக்க எண் வரும். ஒப்புகையை எண் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஒரு வாரத்தில் எண் வரவில்லையென்றால் நேரில் போய்க் கேளுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம், உங்களுடைய கைபேசி எண். கணவரின் எண்ணைக் கொடுத்தால் செய்திகள் எல்லாம் அவருக்குப் போகும். அவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலையில் இருந்தால் தவணை பற்றிய செய்தி உங்களுக்குத் தெரியவே தெரியாது.

தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்பைப் பதியும்போது இதைக் கேட்பார்கள். பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தபிறகு இதற்காக அலைவது பெரும்பாடு.

பெயரில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. ஆதாரில் அப்பாவின் இனிஷியல், குடும்ப அட்டையில் கணவரின் இனிஷியல், வங்கியில் இனிஷியலே இல்லை. உங்களுக்கு மூன்றும் ஒரே ஆள்தான், கணினிக்கு அப்படியில்லை. எல்லா இடத்திலும் ஆதாரில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். திருமணமாகிவிட்டது என்பதற்காக இப்போது போய் ஆதாரில் பெயர் மாற்ற வேண்டாம். பாதியில் மாற்றினால், ஏற்கெனவே பதிந்த பெயர் ஒத்துப்போகாமல் பணம் நின்றுபோகும்.

வங்கிக் கணக்கு: பணம் தொலையும் இடம்

கணக்கு உங்கள் பெயரில் தனியாக இருக்க வேண்டும். கணவரின் கணக்கு, மாமியாரோடு கூட்டுக் கணக்கு இரண்டும் சரிவராது. இதைத் தாண்டிச் சரிபார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஆதார் இணைப்பு. நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணைப் பார்க்காமல், ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கே பணத்தை அனுப்பும் முறை மத்திய அரசுத் திட்டங்களில் இருக்கிறது. சிம் கார்டு வாங்கும்போதோ, தபால்காரர் வீட்டுக்கு வந்து கைரேகை வைக்கச் சொன்னபோதோ திறக்கப்பட்ட பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு ஒன்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். ஆதாரின் இணையதளத்தில் நுழைந்தால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். வங்கிக் கிளையில் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டாவது, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பது. இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். கல்லூரியில் உதவித்தொகைக்காகத் திறந்து அப்படியே விட்ட கணக்கு என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். ஆதார் நகலைக் கொடுத்து மறுபடி செயல்படுத்தி, நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, அதாவது உங்கள் வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் குறியீடு. 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. பழைய புத்தகத்தில் இருப்பது பழைய குறியீடு. கிளைக்குப் போய்ப் புதிய புத்தகம் வாங்கிய பிறகு நகல் எடுங்கள்.

முத்துலட்சுமி ரெட்டி திட்டம்

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கான முதன்மையான உதவி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். சென்னை மாகாணச் சட்ட மேலவையில் 1927-ல் அமர்ந்த முதல் பெண் உறுப்பினர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர் அவர். 1987-ல் 300 ரூபாயாகத் தொடங்கிய உதவி 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ரூபாய் என்று வளர்ந்தது. 18,000 என்றதும் அவ்வளவும் ரொக்கம் என்று நினைக்க வேண்டாம். 14,000 ரூபாய் வங்கியில் வரும். மீதி 4,000 ரூபாய் மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்.

தகுதி: வயது 19 முடிந்திருக்க வேண்டும், குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். 12 வாரத்துக்குள் பதிவு, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்கு உரிய காலத்தில் தடுப்பூசி ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தே திட்டம் அமைந்திருக்கிறது. பரிசோதனையை அரசில் பார்த்துவிட்டுப் பிரசவத்தைத் தனியாரில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், பிந்தைய தவணைகளின் நிலை என்ன என்பதை முன்கூட்டியே செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பு பணம் ஐந்து தவணையாக வந்தது. இப்போது மூன்று. கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தை பிறந்த நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. அக்காவோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ ஐந்து தவணைக் கணக்கைச் சொன்னால் குழம்ப வேண்டாம், அவர்கள் வாங்கிய காலத்தில் அப்படித்தான். பெட்டகங்கள் கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் தரப்படும். சத்து மாவு, இரும்புச் சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்வதற்கான பொருளில்லை இது. கர்ப்பிணிக்கான ஒரு பங்கை அவர் சாப்பிடுவதற்காகவே தருகிறார்கள்.

பிரசவத்துக்குப் பின்வரும் தேதிகள் ஏன் அப்படி வைக்கப்பட்டன என்று தெரிந்தால் தவறவிட மாட்டீர்கள். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி குழந்தையின் 6, 10, 14-ஆம் வாரங்களில் போடப்படுகிறது. மூன்றாவது ஊசி முடியும்போது குழந்தைக்கு நான்காம் மாதம் ஓடிக்கொண்டிருக்கும், அப்போது 6,000. தட்டம்மை–ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும், அப்போது 2,000. காய்ச்சல், சளி என்று ஊசி தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும். தனியார் மருத்துவமனையில் ஊசி போட்டால் அந்தச் சீட்டைச் செவிலியரிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள். அங்கே போட்ட ஊசி அரசுப் பதிவில் தானாக ஏறும் என்று இருந்துவிட்டால் தவணை நிற்கும்.

மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் உண்டு. பல மாநிலங்களில் இது தனிப் பணம். தமிழ்நாட்டில் இது முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதாவது 14,000-க்குள் இதுவும் அடக்கம். ‘இன்னும் 5,000 வரணும், நான் வாங்கித் தர்றேன்’ என்று யாராவது ஐந்நூறு, ஆயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் பங்கு ஆதார் வழியாக வருவதால், ஒரே தவணை இரண்டு துண்டாகவோ இரண்டு கணக்கிலோ வந்து சேரலாம். ஒரு தொகை குறைந்திருப்பதாகத் தோன்றினால் முதலில் மற்றக் கணக்கைப் பாருங்கள்.

இதற்கு வெளியே தனியாக வருவது ஜனனி சுரக்ஷா திட்டம். அரசு மருத்துவமனையில் பிரசவித்தால் கிராமப்புறத்தில் 700 ரூபாய், நகர்ப்புறத்தில் 600 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும் உரியது. சிறு தொகை என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே கேளுங்கள்.

காசு கொடுக்கத் தேவையில்லாதவை

2011 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டுமே இலவசம். மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் இரத்தம் எல்லாம் இதில் அடங்கும். சுகப்பிரசவமானால் 3 நாள், சிசேரியனானால் 7 நாள் வரை உணவும் உண்டு. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அதற்கும், பிரசவம் முடிந்து வீடு திரும்பவும் வண்டி இலவசம். வலி வந்தால் 108, வீடு திரும்ப 102. குழந்தைக்கு நோய் வந்தால் ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை. ‘ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு’ என்று வார்டில் யாராவது கை நீட்டினால் அதற்குப் பெயர் லஞ்சம், மருத்துவமனைக் கட்டணம் என்று ஒன்று அங்கே கிடையாது. 104-ல் புகார் சொல்லலாம்.

மாத்திரைகளும் இலவசம். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம், அதன்பின் இரும்புச் சத்து மாத்திரை தினம் ஒன்றாகக் குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள், இரும்பு மாத்திரை சாப்பிட்டவுடன் காபி, டீயும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரையால் வருவது, பயந்து நிறுத்த வேண்டியதில்லை. அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு உண்டு. அதற்குத் தனியாக அங்கன்வாடியிலும் பெயர் கொடுக்க வேண்டும்.

தாய்வீடு போகும்போது

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் ஊர் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் கிளம்பிவிடுவார். பதிவு புகுந்த வீட்டு ஊரில், பிரசவம் தாய்வீட்டு ஊரில், ஊசி பாதி அங்கே பாதி இங்கே. முதல் பிரசவத்தில் தவணைகள் நின்றுபோவதற்கு இது மிகப் பெரிய காரணம். ஒரு செவிலியர் ‘இங்கே இல்லை’ என்பார், இன்னொருவர் ‘இது எங்க பதிவு இல்லை’ என்பார்.

கிளம்புவதற்கு முன்பே உங்கள் ஊர்ச் செவிலியரிடம் எந்த ஊருக்கு, எந்த சுகாதார நிலையத்தின் எல்லைக்குப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவருடைய கைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தாய்வீடு போன முதல் வாரத்திலேயே அங்குள்ள செவிலியரைப் பார்த்து அதே பிக்மி எண்ணைக் கொடுங்கள். புதிதாக இன்னொரு எண் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே பெண்ணுக்கு இரண்டு எண் இருந்தால் ஒன்றில் கர்ப்பமும் இன்னொன்றில் பிரசவமும் பதிவாகி, இரண்டுமே அரைகுறையாக நிற்கும். தாய் சேய் நல அட்டையின் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிரசவமானதும் மருத்துவமனைச் சீட்டையும், ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அட்டையின் பக்கத்தையும் படமெடுத்து இரண்டு செவிலியருக்கும் அனுப்புங்கள். குழந்தையோடு புகுந்த வீடு திரும்பியதும் மறுபடி தகவல் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் நீங்கள் இருந்தால், முதல் குழந்தைக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு உங்கள் உரிமை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது 2017-ல் 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் இந்த உரிமை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்கீழ் தொடர்கிறது. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். நம் உதாரணத்தில் அது ஆகஸ்ட் 22-ல் தொடங்கும். முன்னால் குறைவாக எடுத்தால் பின்னால் அதிகம் கிடைக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரம் யாரும் உங்களை வேலைக்கு வைக்கக் கூடாது.

விடுப்பை எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னேன், மேனேஜர் சரி என்றார் என்பது பின்னால் நிற்காது. நிறுவனம் இலவச மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு. கருக்கலைந்துவிட்டால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த நேரத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, ஆனால் அப்போதுதான் அது மிகவும் தேவைப்படுகிறது. தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தப் பயன் உண்டு என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தக் காலம் இடையில் முடிந்தாலும் முழுப் பயனைத் தர வேண்டும் என்று 2023-ல் தீர்ப்பளித்தது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். ‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, அப்புறம் சேர்த்துக்கறோம்’ என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் வழக்கே பலவீனமாகிவிடும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், 26 வாரப் பணத்தை ஈ.எஸ்.ஐ. கழகம் தரும். சராசரி நாள் கூலி 500 ரூபாய் என்றால் 182 நாளுக்கு 91,000 ரூபாய். இங்கே எண்ண வேண்டிய நாள்கள் வேறு. ஈ.எஸ்.ஐ.யில் பிடித்தத்தை எண்ணும் ஆறு மாதம் பங்களிப்புக் காலம், அதற்கான பயனைப் பெறும் ஆறு மாதம் பயன்காலம். பிரசவம் விழும் பயன்காலத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் பிடித்தம் வேண்டும். அக்டோபர் 17 பிரசவம் என்றால் அது ஜூலை–டிசம்பர் பயன்காலம். பார்ப்பது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை. 2026 ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் பிடித்தம் போனாலும் அது கணக்கில் வராது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளிலும் வேலை மாற்றும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலை மாறினாலும் பழைய ஈ.எஸ்.ஐ. எண்ணையே புதிய இடத்தில் கொடுங்கள். புது எண் போட்டால் பழைய நாள்கள் சேராது. கணவருக்கு மட்டும் ஈ.எஸ்.ஐ. இருந்தால் உங்களுக்கு மருத்துவம் உண்டு, இந்த 26 வாரப் பணம் இல்லை.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. கட்டுமானம், தையல், வீட்டுவேலை போன்ற அமைப்புசாரா நல வாரியங்களில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு வாரியத்தின் மகப்பேறு உதவி உண்டு. அட்டை புதுப்பிக்கப்படாமல் இருந்தால் மனு தள்ளுபடியாகும், ஆகவே கர்ப்பம் உறுதியானதுமே அட்டையின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

பணம் வரவில்லையென்றால்

முதலில் செவிலியரிடம் போய், உங்கள் பிக்மி எண்ணைப் போட்டுத் திரையில் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். ‘எப்போ வரும்?’ என்று கேட்டால் ‘வரும்’ என்பதுதான் பதிலாக இருக்கும். ‘தவணை அனுப்பப்பட்டதா, திரும்பி வந்ததா, பதிவே ஏறவில்லையா?’ என்று கேளுங்கள். திரும்பி வந்திருந்தால் கோளாறு வங்கியில். பதிவு ஏறவில்லையென்றால் அட்டையைக் காட்டி அங்கேயே ஏற்றச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக இருந்து நிதி வராமல் நின்றிருந்தால் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். பிக்மி எண், ஆதாரின் கடைசி நான்கு இலக்கம், வங்கி, எந்தத் தவணை என்று நான்கு வரி போதும். அங்கும் நகரவில்லையென்றால் மாவட்ட சுகாதார அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள், முதல்வரின் முகவரி குறைதீர் எண் 1100. அதற்கும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ‘இந்த எண்ணுக்கான தவணை எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, இல்லையென்றால் காரணம் என்ன’ என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனுவின் நகலையும் பதிவுத் தபால் ரசீதையும் தாய் சேய் நல அட்டையோடு சேர்த்து வையுங்கள். இரண்டாவது பிரசவத்தின்போது அந்த அட்டையையும் பழைய எண்ணையும் மறுபடி கேட்பார்கள்.